உங்களுக்குத் தெரியுமா? ஹிரோஷிமாவும் மலாயாத் தமிழரும்

மேலப்பாளையத்து டீக்கடை பெஞ்சில் ஹிரோஷிமா பேச்சு எடுத்தால், அடுத்த கேள்வி கூடங்குளம்தான்: "அதுவும் அப்படி வெடிச்சிருமா வே?" வெடிக்காது. அங்குள்ள எரிபொருளில் யுரேனியம்-235 ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஹிரோஷிமாக் குண்டில் சுமார் 80 சதவீதம். கசிவு, விபத்து பற்றிய பயம் வேறு கதை.

அணுகுண்டு போடச் சொல்லி அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட ஆணை எதுவும் கிடையாது! 1945 ஜூலை 25-இல் உத்தரவு அனுப்பியவர் ஜெனரல் ஹேண்டி. ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிவிப்பு வந்ததே மறுநாள்தான். எச்சரிக்கைக்கு முந்தியே உத்தரவு தயார்.

குண்டு போடக் குறித்த ஊர்களின் பட்டியலில் இருந்த கியோட்டோவின் பெயரை அடித்தவர் போர் அமைச்சர் ஸ்டிம்சன். பிறகு சேர்ந்த ஊர் நாகசாகி. ஆகஸ்ட் 9 அன்றும் விமானம் முதலில் போனது கொக்குராவுக்கு. புகையும் மேகமும் மறைத்ததால், மூன்று முறை முயன்றுவிட்டு நாகசாகிக்குத் திரும்பியது.

"குண்டு போடாவிட்டால் போர் நீண்டு இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்கள்" என்பார்கள். இந்தக் கணக்கில் நம்மவர்களும் உண்டு. மலாயாவில் பிரிட்டிஷார் கரையிறங்க 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி குறித்திருந்தார்கள். திட்டத்தின் பெயர் 'ஜிப்பர்'. இறங்க வேண்டியவை 23, 25-ஆம் இந்திய டிவிஷன்கள். மலாயாவிலோ, நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத் தமிழர்கள்! போர் நீடித்திருந்தால் இந்தியனை இந்தியன் சுட வேண்டி வந்திருக்கும். ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் பணிந்ததால், மோரிப் கடற்கரையில் இறங்கிய படையின் வண்டிகள் சேற்றில் சிக்கியதோடு சரி.

ஆனால் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் அள்ளிப்போன தமிழர்களில் ஏராளமானோர், காலராவிலும் பட்டினியிலும் அதற்கு முன்பே மாண்டுவிட்டார்கள். பாதை முடிந்தது 1943 அக்டோபரில்.

போரை முடித்தது குண்டு மட்டும்தானா? ஆகஸ்ட் 9 அன்றே சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. அன்று டோக்கியோவில் போர்க்குழுக் கூட்டம் நடக்கும்போதே நாகசாகிச் செய்தி வந்தது; அதன் பிறகும் ஆறு பேர் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்துதான் நின்றார்கள். மன்னர் சொன்ன பிறகே முடிவு. போர் நின்றதால் மலாயாத் தமிழன் பிழைத்தான் என்பது உண்மை. அதைக் காட்டி நாகசாகியை நியாயப்படுத்துவது என்னளவில் எடுபடாது.

டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில், அணுகுண்டு போட்ட முடிவையே தன் மாறுபட்ட தீர்ப்பில் கண்டித்தவர் இந்திய நீதிபதி ராதாவினோத் பால்.

1962-இல், 83 வயதில், ராஜாஜி அமெரிக்கா போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான்! பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது 1963 ஆகஸ்ட் 5-இல்.

ஜப்பானியர் மலாயாவில் அச்சடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருக்கும். சரணாகதியோடு அது வெறும் காகிதமாகிவிட்டது. பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ சபர் போய் வந்த பெரியவர்களின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். யார், எந்த ஊரிலிருந்து கொண்டு வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சீட்டில் இன்றே எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.