ராட்டினத்தில் ஏறுமுன்



தீபாவளிக்குத் துணிமணி எடுக்கத் தேக்காவுக்கு வரும் தோட்டத்துக் குடும்பங்கள் பல. சாமான்கள் வாங்கி முடிந்ததும், "ராட்டினத்துக்கு அழைத்துப் போங்கள்" என்று பிள்ளைகள் கேட்பதும் வழக்கந்தான். முன்பெல்லாம் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கிச்சனர் சாலையை ஒட்டி, 1923ஆம் ஆண்டு தொடங்கிய நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அது 1987இல் மூடப்பட்டது. இப்போது அவ்விடத்தில் சிட்டி ஸ்குவேர் என்ற கடைத்தொகுதி நிற்கிறது. பழைய வாயில் மட்டும் நினைவுச் சின்னமாக அருகில் வைக்கப்பட்டிருக்கிறது.

இன்றைய பிள்ளைகள் கேட்பது செந்தோசாத் தீவை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால், வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் போய்ச் சேரலாம். அங்கிருந்து தீவு அடுத்த அடிதான். அங்கே 2010இல் திறக்கப்பட்ட யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் இரட்டை ரோலர் கோஸ்டர் இருக்கிறது. நாற்பது மீட்டருக்கும் மேலான உயரம். மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகம். இத்தகைய ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றி அனுப்பும் தாய்க்கு, "இது பத்திரமானதுதானா?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பால் வெட்டப் போகிறவர் கத்தியைத் தீட்டாமல் நிரைக்குப் போவதில்லை. ராட்டினத்துக்கும் அப்படித்தான். பூங்காவின் கதவு திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே அங்கே வேலை தொடங்கிவிடுகிறது. பராமரிப்புத் தொழிலாளர்கள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து பார்க்கிறார்கள். திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா, சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றனவா, தோளை அழுத்திப் பிடிக்கும் தடுப்பு பூட்டிக்கொள்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, பட்டியலில் குறியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு ஆளில்லாத வண்டியைச் சிலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். அதன் பின்னரே முதல் பிள்ளை ஏறலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு திடீரென்று ஒடியும். இரும்பும் களைத்துப்போகும். ஒரு நாளில் பல நூறு முறை பாரம் ஏறி இறங்கும் இரும்புக்குள் மயிரிழை போன்ற விரிசல் விழலாம். அதைக் கண்டுபிடிக்க, சாயம் பூசிப் பார்க்கிறார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை உலோகத்துக்குள் செலுத்தியும் பார்க்கிறார்கள்.

கேளிக்கை ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்றே 2011இல் சிங்கப்பூரில் ஒரு சட்டம் நிறைவேறியது. அனுமதி பெறாமல் ராட்டினத்தை இயக்கக் கூடாது. தகுதி பெற்ற பொறியாளர் அதைச் சோதித்துச் சான்று தர வேண்டும். செந்தோசாவின் அந்த இரட்டை ரோலர் கோஸ்டரும் ஓய்வின்றி ஓடியதல்ல. 2010இல் திறந்த சில நாட்களிலேயே கோளாறு காரணமாக நிறுத்தப்பட்டு, மறுவருடம்தான் மீண்டும் ஓடியது. 2013 ஜூலையில் மறுபடியும் நிறுத்தினார்கள். நால்வர் அமரும் வண்டிகளுக்குப் பதிலாக இருவர் அமரும் வண்டிகளைப் பூட்டி, 2015 மே மாதம் திறந்தார்கள். ஆகவே, "பழுதுபார்க்க மூடப்பட்டுள்ளது" என்ற பலகையைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பலகை நம் பிள்ளைகளுக்காகத் தொங்குகிறது.

இத்தனை பேர் பாடுபட்டு உண்டாக்கும் பாதுகாப்பை ஒரு நொடியில் கெடுக்கக்கூடிய பொருள் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அதுதான் கைப்பேசி.

ஓடும் ராட்டினத்தில் படம் பிடித்து ஊரில் உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். வண்டி வளைந்து திரும்பும்போது, கையிலிருந்து நழுவிய கைப்பேசி வண்டியோடு வளையாது. கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போல நேரே பாயும். இருபது மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விழும் பொருள்கூடத் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிடும். கீழே வரிசையில் நிற்பது யார்? யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை அல்லவா?

கைப்பேசியை நீண்ட கோலில் மாட்டிப் படமெடுப்பது இன்னும் மோசம். வண்டியில் இருப்பவர் கையை நீட்டினால் எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்து, அந்த இடத்தில் தூணோ கம்பியோ வராதபடிதான் ராட்டினத்தைக் கட்டுகிறார்கள். கோலின் நீளம் அந்தக் கணக்கில் இல்லை. அது கம்பியில் மோதினால் கையும் சேர்ந்து இழுபடும்.

விழுந்ததைத் தேடிப் போவது உயிருக்கே ஆபத்து. 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சீடர் பாயிண்ட் பூங்காவில், சவாரியில் தவறவிட்ட கைப்பேசியைத் தேடி ஒருவர் வேலியைத் தாண்டி உள்ளே போனார். பயணிகளின் கால்கள் கீழே தொங்கும்படி ஓடுகிற ராட்டினம் அது. வந்த வண்டி மோதி அவர் இறந்துபோனார். கைப்பேசியை மறுபடி வாங்கலாம். மனிதரை வாங்க முடியுமா?

அப்படியானால் எங்கும் படம் பிடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படியில்லை. மரினா பே பக்கம் 165 மீட்டர் உயரத்தில் சிங்கப்பூர் ஃபிளையர் சுழல்கிறது. மூடிய கூண்டில் நின்றபடி, அரை மணி நேரம் மெதுவாகச் சுற்றி வரலாம். அங்கே ஆசைதீரப் படமெடுங்கள். அதுவும் பராமரிப்புக்கு விலக்கல்ல. 2008 டிசம்பர் 23 அன்று அதன் இயக்க அறையில் தீப்பிடித்துச் சக்கரம் நின்றுபோனதால், 173 பேர் சுமார் ஆறு மணி நேரம் மேலே சிக்கிக்கொண்டார்கள். ஒன்று நின்றாலும் மற்றொன்று இயங்கும்படி மாற்று ஏற்பாடுகள் செய்த பிறகே, மறுமாதம் சக்கரம் மீண்டும் சுழன்றது.

கடைசியாக, பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியவை சில. வேக ராட்டினத்தில் ஏறுமுன் கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, தொளதொளத்த செருப்பு ஆகியவற்றைப் பெட்டகத்தில் வையுங்கள். அல்லது கீழே இருக்கும் பாட்டியிடம் கொடுங்கள். பாட்டியே தரையில் நின்று படம் எடுக்கட்டும். உயரக்கோலுக்கு எட்டாத பிள்ளையை ஏமாற்றி ஏற்றாதீர்கள். தடுப்பு அந்தச் சிறிய உடலைப் பிடிக்காது. ஏதாவது விழுந்துவிட்டால் பணியாளரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் தேடிப் போகாதீர்கள்.

விடியுமுன் எழுந்து திருகாணியை இறுக்கியவர் தம் கடமையைச் செய்துவிட்டார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வது நம் கடமை.