தரையைப் பார்ப்போம், விழாமல் நடப்போம்

கஞ்சிக்கோடு நமக்குத் தெரிந்த ஊர். வாளையார் தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் இருக்கிறது. கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் இதுவும் ஒன்று. 1970-களில் இங்கே அரசு ஆலைகள் வந்தன. பிறகு இரும்பு ஆலைகள் பல வந்தன. நம்மில் பலருக்கு இங்கேதான் வேலை.

எங்கள் படிப்பு மையத்துக்கு ஓர் அக்கா வருவார். அவர் ஓர் ஆலையில் கூட்டிப் பெருக்குகிறார். ஒரு மழை நாளில் அங்கே வழுக்கி விழுந்தார். விழும்போது கையை ஊன்றினார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வேலைக்குப் போக முடியவில்லை. பென்சிலும் பிடிக்க முடியவில்லை.

“என் நேரம் சரியில்லை” என்றார் அக்கா.

“பார்த்து நடந்திருக்கலாம்” என்றார்கள் மற்றவர்கள்.

அவர் எங்கே விழுந்தார்? ஓர் எந்திரத்தின் பக்கத்தில். அந்த எந்திரத்திலிருந்து பல நாளாக எண்ணெய் சொட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். தாண்டிப் போனார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை. அப்படியென்றால் இது அக்காவின் நேரமா?

ஏன் வழுக்குகிறது?

நடக்கும்போது நம் கால் தரையைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயோ தண்ணீரோ சிந்தினால் பிடிப்பு போய்விடும். கால் சறுக்கும். செருப்பின் அடியில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் விலகும். செருப்பு தேய்ந்தால் பள்ளமும் போய்விடும். அப்போது ஈரத் தரையில் வழுக்கும்.

ஜூன் மாதம் மழை தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சாரல் உள்ளே அடிக்கும். காலோடு சேறும் வரும். அந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏன் தடுக்குகிறது?

வழியில் வயர் கிடக்கும். ரப்பர் குழாய் கிடக்கும். இரும்புத் துண்டு கிடக்கும். சில இடத்தில் தரை பெயர்ந்திருக்கும். பாரம் தூக்கி வருபவருக்குக் காலடி தெரியாது. வெளிச்சம் குறைந்தால் யாருக்கும் தெரியாது.

நாம் என்ன செய்யலாம்?

1. எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் போடுங்கள். அது எண்ணெயை உறிஞ்சும். பிறகு கூட்டி அள்ளுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.
2. தரை காயும்வரை அந்த வழியை மறியுங்கள்.
3. வாசலில் சாக்கு போடுங்கள். அது நனைந்தால் மாற்றுங்கள்.
4. நடைபாதையில் எதையும் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் குழாயைச் சுருட்டி வையுங்கள்.
5. கண்ணை மறைக்கும் அளவுக்குப் பாரம் தூக்காதீர்கள்.
6. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடியுங்கள்.
7. யாராவது விழுந்தால் சட்டென்று தூக்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் அசைக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

சிந்தியதைத் துடைக்க நம்மால் முடியும். எந்திரம் ஒழுகினால் நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும். இது சலுகை அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 32-ஆம் பிரிவிலேயே இதை எழுதி வைத்தார்கள். தரையும் படியும் நடைபாதையும் உறுதியாக இருக்க வேண்டும். அங்கே தடையாக எதுவும் கிடக்கக் கூடாது. வழுக்கும் பொருளும் இருக்கக் கூடாது. இப்படி அந்தப் பிரிவு சொன்னது.

அடிபட்டால் சிறிய அடி என்று மறைக்காதீர்கள். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதினார்கள் என்று படித்துப் பாருங்கள். நாள், நேரம், இடம் சரியாக இருக்கிறதா? ஈ.எஸ்.ஐ. உதவி கேட்கும்போது அந்த எழுத்து உங்களுக்குச் சாட்சி.

எச்சரிக்கைப் பலகை மலையாளத்தில் மட்டும் இருக்கிறதா? தமிழிலும் இந்தியிலும் எழுதக் கேளுங்கள். படம் போட்டால் எல்லோருக்கும் புரியும்.

அக்கா மறுபடி வேலைக்குப் போனார். எந்திரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தாளில் எழுதினார்: “இங்கே எண்ணெய் ஒழுகுகிறது. சரி செய்யவும்.” கீழே தன் பெயரையும் எழுதினார். மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒழுகல் நின்றது.

அக்கா எழுதியது ஐந்தே சொற்கள். அவர் மையத்துக்கு வெளியே எழுதிய முதல் கடிதம் அதுதான்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எங்கே வழுக்கும்? எங்கே தடுக்கும்?
2. அதை யாரிடம் சொல்ல வேண்டும்?
3. அக்காவைப் போல ஒரு கடிதம் எழுதுங்கள்.