அறையை விட்டு வெளியேறினால் போதுமா?

பல்கலைக்கழகம் வாங்குகிறது; பல்கலைக்கழகத்தின் ஆளே விற்கிறார். திருவனந்தபுரத்தில் எழுந்த புகார் ஒரு பழைய கேள்வியைப் புதுப்பித்திருக்கிறது.

திருவனந்தபுரத்தின் புறநகரில், டெக்னோசிட்டி வளாகத்தில் இயங்குகிறது கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம். தகவல் தொழில்நுட்பக் கல்விக்காக 2000-ல் தொடங்கிய ஒரு நிறுவனம், 2020-ல் அவசரச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2025 ஜூலையில் அது வேறு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. அப்போது பொறுப்புத் துணைவேந்தராக இருந்த சிசா தாமஸ், நிதி முறைகேடுகள் பற்றி வேந்தரான ஆளுநர் ராஜேந்திர அர்லேகருக்கு அறிக்கை அனுப்பினார். ஆளுநர் சி.ஏ.ஜி. தணிக்கையைக் கோரினார். புகார்களில் ஒன்று இது: ஆசிரியர்கள் சிலர் சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, பல்கலைக்கழகத்தின் வசதிகளையே பயன்படுத்தி, திட்டப் பணிகளைச் செய்துகொண்டார்கள்.

புகார் என்பது தீர்ப்பல்ல. யார் மீது தவறு என்பதைத் தணிக்கையும் விசாரணையும்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது கிளப்பும் கேள்விக்குப் பதில் தேட யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வாங்குபவராகவும் அந்தப் பக்கம் விற்பவராகவும் ஒரே ஆள் உட்காரலாமா?

உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. ஒரிசாவில் கல்வி நிலைய நூலகங்களுக்கு அரசாங்கம் புத்தகங்கள் வாங்கியது. எதை வாங்கலாம் என்று பரிந்துரைத்த துணைக் கமிட்டியில், புத்தகம் எழுதியவர்களும் உறுப்பினர்கள். அவர்களுடைய புத்தகங்களும் பரிசீலனைக்கு வந்தன. மொஹபாத்ரா என்ற பதிப்பக நிறுவனம் வழக்குப் போட்டது. 1984-ல் தீர்ப்பு வந்தது.

தன் புத்தகம் வரும்போது ஓர் உறுப்பினர் ஒதுங்கிக்கொண்டால் போதாதா? போதாது என்றது நீதிமன்றம். அவர் மற்ற உறுப்பினர்களின் மனதைத் திருப்ப முடியும். ‘என்னுடையதை நீ தேர்ந்தெடு, உன்னுடையதை நான் தேர்ந்தெடுக்கிறேன்’ என்ற பேரத்துக்கும் இடமுண்டு. கடைசி முடிவு அரசாங்கத்தின் கையில்தானே என்ற வாதமும் எடுபடவில்லை. ஒருவர் உண்மையிலேயே பாரபட்சம் காட்டினாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. காட்டக்கூடும் என்று நியாயமாகச் சந்தேகிக்க இடமிருந்தாலே போதும். நூலாசிரியரல்லாதவர்களைக் கமிட்டியில் போட அரசாங்கத்துக்கு என்ன தடை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

புத்தகத்தின் இடத்தில் கம்ப்யூட்டரை, ஆய்வுக்கூடக் கருவியை, சாப்ட்வேரை வைத்துப் பாருங்கள். கதை மாறாது. பல்கலைக்கழகக் கொள்முதல் ஒரே நாளில், ஒரே அறையில் நடப்பதில்லை. துறையிலிருந்து தேவைப் பட்டியல் கிளம்புகிறது. கருவியின் தொழில்நுட்ப விவரங்களை ஒரு பேராசிரியர் எழுதுகிறார். டெண்டரோ கொட்டேஷனோ கேட்கிறார்கள். விலைகளை ஒப்பிட்டு கமிட்டி சிபாரிசு செய்கிறது. சரக்கு வந்ததும் சரிபார்த்து ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் பாஸாகிறது.

இதில் எந்தப் படியிலும் உள்ளே நுழைய முடியும். தொழில்நுட்ப விவரங்களைக் குறிப்பிட்ட ஒரு தயாரிப்புக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதிவிட்டால், கமிட்டி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பயனில்லை. ‘இவரிடம் மட்டுமே கிடைக்கும்’ என்று சான்று கொடுத்தால் போட்டியே இல்லை. ஒரே குடும்பத்தின் மூன்று லெட்டர்ஹெட்டுகளில் மூன்று கொட்டேஷன்கள் வந்தாலும் பைலில் எல்லாம் சரியாகவே இருக்கும். பெரிய தொகையைச் சிறு பில்களாக உடைத்தால் டெண்டருக்கே அவசியமில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசாங்கத்தின் பொது நிதி விதிகள் (2017), வாங்கும் அதிகாரியும் விற்க வருபவரும் தங்கள் சொந்த நலன் குறுக்கிடுவதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. தேவையைத் துண்டு போட்டு வாங்குவதையும் தடுக்கின்றன. மத்திய பொதுப்பணித் துறையில், நெருங்கிய உறவினர் அதிகாரியாக இருக்கும் சர்க்கிளில் ஒப்பந்தக்காரர் டெண்டர் போடவே முடியாது. கேரள அரசாங்கத்துக்கும் தனியாகக் கொள்முதல் கையேடு இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்கை மாநிலத் தணிக்கைத் துறை பார்க்கிறது.

ஓட்டை சின்ன இடத்தில் இருக்கிறது. சிறு கொள்முதல்களுக்கு மத்திய விதிகள் மூன்று பேர் கமிட்டியைச் சொல்கின்றன. பொருளின் தரம் சரி, விலை சந்தை விலை, சப்ளையர் நம்பகமானவர் என்று மூவரும் சான்று தர வேண்டும். ‘இந்த சப்ளையருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்ற வரி அந்தச் சான்றில் கிடையாது.

சட்டமும் ஒரு வகையில் தளர்ந்திருக்கிறது. 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டப்படி துணைவேந்தர் முதல் விரிவுரையாளர் வரை எல்லோரும் அரசு ஊழியர்களே. ஆனால், பொது நலன் இல்லாமல் ஒருவருக்கு ஆதாயம் தேடித் தருவதைக் குற்றமாக்கிய பிரிவு 2018-ல் நீக்கப்பட்டது. லஞ்சம் கைமாறியதை நிரூபிக்க முடியாத இடத்தில் கிரிமினல் வழக்கு நிற்பது கடினம். ஆகவே முன்கூட்டியே தடுக்கும் விதிகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், ஆசிரியர்களைக் கம்பெனி தொடங்கச் சொல்வதே அரசாங்கம்தான். கல்வி நிறுவனங்களுக்கான 2019-ன் மத்திய ஸ்டார்ட்-அப் கொள்கை அதை ஊக்குவிக்கிறது. இந்தியாவின் முதல் டெக்னோபார்க் பிறந்த திருவனந்தபுரத்தில் இதற்கு ஆர்வம் குறைவாக இருக்க முடியாது. அதே கொள்கை எல்லையும் போடுகிறது: நிறுவனத்தின் ஆராய்ச்சியையும் கம்பெனி வேலையையும் தெளிவாகப் பிரிக்க வேண்டும், நிறுவன ஊழியர்களைக் கம்பெனி வேலைக்கு இழுக்கக் கூடாது, கம்பெனியிடமிருந்து பரிசு வாங்கக் கூடாது.

ஆக, கம்பெனி வைத்திருப்பது குற்றமல்ல. மறைப்பதுதான் தவறு. அமெரிக்காவில் மத்திய அரசின் மானியம் பெறும் பல்கலைக்கழகத்தில், தனக்கோ குடும்பத்துக்கோ பங்குதாரருக்கோ ஆதாயமுள்ள ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமல்ல, பிறகு நிர்வகிப்பதில்கூட ஊழியர் பங்கேற்கக் கூடாது. தேவைப் பட்டியல் எழுதுவதிலிருந்து பில் பாஸாகும்வரை அவர் வெளியேதான்.

இங்கே செய்ய வேண்டியதும் பெரிய காரியமல்ல. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு ஆசிரியரும் அதிகாரியும் சிண்டிகேட் உறுப்பினரும் தங்கள் கம்பெனித் தொடர்புகளை எழுதித் தரலாம். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கலாம். ஒவ்வொரு கொள்முதல் பைலிலும் அந்த விடுபட்ட வரியைச் சேர்க்கலாம். செலவு, ஒரு தாள்.

கெட்டுப்போன கருவியின் முன்னால் நிற்கப்போவது கமிட்டி உறுப்பினர் அல்ல. ஆராய்ச்சியை முடிக்க முடியாமல் தவிக்கும் மாணவர்.