அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ் ஆகுது?

எக்ஸ் + 7 = 12. இதைப் பார்த்ததும் கை தானா எழுதும்: "7 அந்தப் பக்கம் போனா மைனஸ் 7, அதனால எக்ஸ் = 5." பள்ளியில இருந்தே இப்படித்தான் போட்டுட்டு வர்றோம். சமக்குறியைத் தாண்டினா ஒரு எண்ணுக்கு ஏன் குறி மாறணும்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

உண்மையில எந்த எண்ணும் எங்கேயும் போறதில்லை. இரண்டு பக்கமும் -7-ஐக் கூட்டுகிறோம், அவ்வளவுதான். இடது பக்கம் 7 + (-7) = 0. எக்ஸ்-உடன் 0-ஐக் கூட்டினால் எக்ஸ்தான். வலது பக்கம் 12 + (-7) = 5.

இதில் இரண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு. எதோடு கூட்டினாலும் அதை மாற்றாத 0, கூட்டல் சமனி. 7-ஐ அந்த 0-க்கே கொண்டுபோய் விடுகிற -7, அதன் கூட்டல் நேர்மாறு. பெருக்கலுக்கும் இதே கதைதான். அங்கே சமனி 1. 5-க்கு நேர்மாறு 1/5, ஏன்னா 5 × 1/5 = 1.

இப்போ ஒரு கேள்வி. 100 ரூபாய் பொருளின் விலை 25% ஏறுது. பழைய விலைக்கு வர எத்தனை சதவீதம் குறைக்கணும்? 25%-னு சொன்னா மாட்டிக்கிட்டீங்க! 125-ல் 25% குறைச்சா 93.75 தான் வரும். 25% ஏற்றம்னா 5/4-ஆல் பெருக்கல். அதன் நேர்மாறு 4/5. அதாவது 20% குறைச்சாலே போதும்.

எல்லா எண்ணுக்கும் பெருக்கல் நேர்மாறு உண்டா? 0-க்கு மட்டும் கிடையாது. எதால் பெருக்கினாலும் 0 தான் வரும், 1 வரவே வராது. வகுத்தல்னா நேர்மாறால் பெருக்குவது. நேர்மாறே இல்லாத எண்ணால் எப்படி வகுக்கிறது? கி.பி. 628-லேயே பூஜ்ஜியத்துக்குக் கணக்கு விதிகள் எழுதிய பிரம்மகுப்தர்கூட இந்த இடத்தில் சறுக்கினார். 0-ஐ 0-ஆல் வகுத்தால் 0 என்று எழுதிவிட்டார்.

நம்ம முதலாமாண்டு மேட்ரிக்ஸிலும் இதேதான். டிடர்மினன்ட் 0 ஆனால் இன்வெர்ஸ் கிடையாது. அப்போ இரண்டு பக்கமும் இருக்குன்னு அந்த மேட்ரிக்ஸை அடிச்சு விடக் கூடாது.

"மார்க்குதானே போகும்"னு நினைக்காதீங்க. 1997-ல் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பலில், கணினியில் ஒரு இடத்தில் 0 என்று பதிவானது. மென்பொருள் அந்த 0-ஆல் வகுக்கப் போனது. கப்பலின் கணினி வலையமைப்பே முடங்கி, இயந்திரங்களும் நின்று, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடந்தது.

அதனால, அடுத்த முறை பேப்பரில் ஒரு எண்ணை அடிக்கும்போதோ, கோடில் வகுத்தல் குறி போடும்போதோ ஒரு நொடி நில்லுங்க. இதுக்கு நேர்மாறு இருக்கான்னு கேளுங்க. இருந்தா தாராளமா அடிங்க. இல்லைன்னா, முதல்ல ஒரு இஃப் கண்டிஷன் போடுங்க!