உங்களுக்குத் தெரியுமா? வெள்ளை வளையம் மரத்தில் இல்லை!

சூடான காபி டம்ளர் தேக்கு மேசையில் விட்டுப்போகும் வெள்ளை வளையம் மரத்தின் கறையே அல்ல. மேலே பூசிய அரக்குப் பாலிஷுக்குள் சிக்கிக்கொண்ட ஈரம் அது.

● உப்புத்தாளை எடுக்காதீர்கள். பஞ்சைத் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, வளையத்தின்மேல் ஒரே வீச்சில் தடவி எடுங்கள். அரக்கு இளகி ஈரத்தை விட்டுவிடும். வெண்மை கண்ணெதிரே மங்கும். துணியை ஓரிடத்தில் நிறுத்தினால் மட்டும் பாலிஷே பெயர்ந்து வந்துவிடும்.

● மழைநாளில் பாலிஷ் போட்டாலும் வெளுக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. வெயில் வரட்டும், அவசரம் வேண்டாம்.

● கறுப்பு வளையம் அப்படியல்ல. இரும்பும் தண்ணீரும் மரத்திலுள்ள டானினோடு சேர்ந்து உண்டாவது, மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும். அதற்கு ஆக்ஸாலிக் அமிலம்தான். கையுறை கட்டாயம்.