டேஷ் கேமராவுக்கு லைன் எடுப்பது எப்படி?

கார் வயரிங் என் தொழில். திருச்சியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வண்டி எந்த வேலைக்கு வந்தாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, பெடல்களுக்கு மேலே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன். கம்பெனி வயரிங் டேப் சுற்றி, கிளிப் மாட்டி, இடம் நகராமல் இருக்கும். அதற்கு நடுவே ஒரு வயரை மட்டும் யாரோ பிளேடால் சீவி, இன்னொரு வயரை முறுக்கி, மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகி, முறுக்கிய செம்பு வெளியே தெரியும். அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இப்போதெல்லாம் பெரும்பாலும் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேஷ் கேமராவில்தான் போய் முடிகிறது.

கேமரா வைப்பது நல்ல விஷயம். விபத்து நடந்த இடத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பழி சொல்லும்போது, யார் மீது தவறு என்பதை அது காட்டிக்கொடுக்கும். என் கவலையெல்லாம் அதற்கு லைன் எடுக்கும் விதத்தைப் பற்றித்தான். பொறுமையுள்ள யாரும் வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்துகொள்ளலாம். ஆனால் காரின் ஒரிஜினல் வயர் ஒன்றைக்கூட வெட்டக்கூடாது, சீவக்கூடாது. இந்த ஒரு விதியை மீறாமல் இருந்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

லைட்டர் சாக்கெட் போதாதா?

ஓடும்போது மட்டும் பதிவானால் போதும் என்பவர்களுக்குத் தாராளமாகப் போதும். கேமராவோடு வரும் சார்ஜரைச் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டுக்கு வரும் கரண்ட் நின்றுவிடும். கடைவீதியில் நிறுத்திவிட்டுப் போன வண்டியை யாராவது உரசிவிட்டுப் போனால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்திய வண்டியையும் அது கண்காணிக்க வேண்டும் என்றால், ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக லைன் எடுக்க வேண்டும். இதற்கென்றே ‘ஹார்டுவயர் கிட்’ விற்கிறார்கள். காரின் 12 வோல்ட்டை கேமராவுக்குத் தேவையான 5 வோல்ட்டாகக் குறைக்கும் சின்னப் பெட்டி அது. உங்கள் கேமரா கம்பெனியே தயாரிக்கும் கிட்டை வாங்குங்கள். மட்டமான கிட்டுகள் போட்ட வண்டியில் எஃப்.எம். ரேடியோ கரகரக்கும்.

கிட்டிலிருந்து மூன்று வயர்கள் வரும். ஒன்று, எப்போதும் கரண்ட் இருக்கும் பேட்டரி லைனுக்கு. இன்னொன்று, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏ.சி.சி. லைனுக்கு. மூன்றாவது எர்த். பேட்டரி லைன் கேமராவுக்குச் சாப்பாடு போடுகிறது. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பதை ஏ.சி.சி. லைன் சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் கேமரா பார்க்கிங் பதிவுக்கு மாறும். எர்த் பெரும்பாலும் கருப்பு. ஆனால் மஞ்சளையும் சிவப்பையும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனிக்கு மஞ்சள் பேட்டரி லைன் என்றால், இன்னொரு கம்பெனிக்குச் சிவப்பு. வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்த பிறகே கை வையுங்கள்.

பேட்டரி ஏன் இறங்குகிறது?

பள்ளி ஆசிரியர் ஒருவர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். “மூணு நாள் ஊர்ல இல்ல தம்பி. வந்து சாவி போட்டா செல்ஃபே எடுக்கல. பேட்டரி போன வருஷம்தான் மாத்தினேன்” என்றார்.

“கேமராவுக்கு எங்க சார் லைன் எடுத்தாங்க?”

“அது தெரியலையே. வண்டி நின்னாலும் ரெக்கார்டு ஆகும்னு சொல்லித்தான் போட்டுக் குடுத்தாங்க.”

பேட்டரி மேல் எந்தக் குறையும் இல்லை. கணக்கைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் கார்களில் வரும் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர் அவர். ஒரு கேமரா 12 வோல்ட் பக்கத்தில் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர். மூன்று நாளில் 21 ஆம்பியர் அவருக்கு மேல், அதாவது பேட்டரியில் பாதிக்கும் மேல் போய்விடும். கார் பேட்டரி, செல்ஃப் அடிக்கும் சில நொடிகளில் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது. இப்படி ஆழமாக இறக்கி இறக்கி ஏற்றினால் அதன் ஆயுள் குறையும்.

இதைத் தடுக்கத்தான் நல்ல கிட்டில் ‘கட் ஆஃப்’ இருக்கிறது. பேட்டரி வோல்ட் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் கேமராவுக்குப் போகும் கரண்டை அது நிறுத்திவிடும். முழுதாக ஏறிய பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். கிட்டில் 11.8, 12.0, 12.2, 12.4 என்று தேர்வுகள் இருக்கும். தினமும் வண்டி எடுப்பவர்கள் 12.2 வைக்கலாம். வாரம் ஒருமுறை எடுப்பவர்களும், பேட்டரி பழசாகிப் போனவர்களும் 12.4 வையுங்கள். 11.8 பக்கமே போக வேண்டாம். கேமரா இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், ஆனால் மறுநாள் வண்டி கிளம்பாது.

ஃப்யூஸ் காப்பது வயரை

பலருக்கும் புரியாத இடம் இதுதான். ஃப்யூஸ் கேமராவைக் காப்பதற்காக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. கேமரா வயர் நூல் மாதிரி மெல்லியது. அதைக் கொண்டுபோய் 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட லைனில் முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? எங்காவது தகடு உரசி வயர் ஷார்ட் ஆனால், 20 ஆம்பியரைத் தாண்டும் வரை அந்த ஃப்யூஸ் அசையாது. அதற்குள் மெல்லிய வயர் பழுத்து, இன்சுலேஷன் உருகி, பக்கத்து வயர்களையும் சேர்த்து எரிக்கும். டேஷ்போர்டுக்குள் தீ இப்படித்தான் பிடிக்கிறது.

இதற்கு விடை ‘ஃப்யூஸ் டேப்’ என்ற சின்ன சாமான். காரின் ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சொருக வேண்டும். இதில் இரண்டு பொந்துகள். கால்களை ஒட்டிய பொந்தில் காரின் பழைய ஃப்யூஸ், அடுத்ததில் கேமராவுக்கான ஃப்யூஸ். கிட் தாளில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். பொதுவாக 2 அல்லது 3 ஆம்பியரே போதும். எதிர்காலத்தில் கேமரா வேண்டாம் என்றால் டேப்பை உருவிவிட்டுப் பழைய ஃப்யூஸைச் சொருகினால், வண்டி ஷோரூமிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

ஃப்யூஸில் ஸ்டாண்டர்டு, மினி, உயரம் குறைந்த மினி, மைக்ரோ எனப் பல அளவுகள் உண்டு. உங்கள் ஃப்யூஸ் ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவுக்கு டேப் வாங்குங்கள். பொருந்தாததை அமுக்கிச் சொருகினால் உள்ளே இருக்கும் தகடு அகன்று, பிறகு எந்த ஃப்யூஸும் அங்கே இறுக்கமாக நிற்காது.

எந்த லைனைத் தொடலாம்? வண்டியோடு வந்த கையேட்டில் ஃப்யூஸ் பட்டியல் இருக்கும். ஏ.சி.சி. லைனுக்கு லைட்டர் சாக்கெட் அல்லது ஆடியோ. பேட்டரி லைனுக்கு ரூம் லைட் அல்லது கதவு லாக். முடிந்தவரை 10 ஆம்பியருக்கு மேல் போகாத ஃப்யூஸ் உள்ள லைனாகப் பாருங்கள். 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள் என்பது பொதுவான நிறக் கணக்கு. ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஈ.சி.யூ., பவர் ஸ்டீயரிங், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் ஃப்யூஸ்களைக் கழற்றிக்கூடப் பார்க்காதீர்கள். பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப்பும் வேண்டாம். அது இழுக்கும் கரண்ட்டே அந்த லைன்களில் கோளாறு செய்யும். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை வண்டியின் தகட்டில் இருக்கும் போல்ட்டில் தொடுங்கள். ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் இரண்டு சின்னப் புள்ளிகளில் உலோகம் தெரியும். சிவப்பு முனையை அங்கே வையுங்கள். சாவி இல்லாமலே 12 காட்டினால் பேட்டரி லைன். சாவி போட்டால் 12, எடுத்தால் சைபர் என்றால் ஏ.சி.சி. இதோடு நிறுத்தாதீர்கள். சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். புதிய வண்டிகளில் சில லைன்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அணையும். பேட்டரி லைன் என்று நினைத்தது அடங்கிப்போயிருக்கும், ஏ.சி.சி. என்று நினைத்தது உயிரோடு இருக்கும்.

டேப்பை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகுவது? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பழைய ஃப்யூஸை வெளியே வைத்துவிட்டு, கேமரா ஃப்யூஸை மட்டும் டேப்பில் போட்டுச் சொருகுங்கள். டேப் வயரின் நுனியில் மீட்டர் 12 வோல்ட் காட்டினால் சரியான பக்கம். காட்டாவிட்டால் டேப்பைத் திருப்பிப் போடுங்கள். தப்பான பக்கத்திலும் கேமரா ஓடும், ஆனால் அதன் கரண்ட்டும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். ஏ.சி.சி. லைனைச் சாவி போட்டுவைத்து இதேபோல் சோதியுங்கள்.

பில்லரில் கவனம்

சோதனை முடிந்ததும், வயர் இழுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். பல வண்டிகளுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும்.

கேமராவை உள் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல் ஒட்டுங்கள். வயரை ரூஃப் லைனிங்கின் விளிம்பில் விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே போனால் முன் பில்லர் வந்துவிடும். இங்கேதான் நிற்க வேண்டும். பில்லர் மூடியில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருந்தால் உள்ளே கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறார்கள். மோதிய நொடியின் சின்னப் பகுதிக்குள் அது கூரையோரமாக விரிந்து உங்கள் தலையைக் காக்க வேண்டும். அதன் முன்னால் குறுக்கே ஒரு வயர் போனால், விரிவதற்குத் தடையாகும், அல்லது வயரும் கிளிப்பும் முகத்தில் வந்து அடிக்கும். மூடியைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால், கம்பெனி வயரிங் போகும் தடத்தோடு கேமரா வயரையும் சேர்த்து கேபிள் டையால் கட்டுங்கள். ஏர்பேக்கோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சில வண்டிகளில் பில்லர் மூடியின் கிளிப்பை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் மாட்ட வேண்டும். இந்த இடத்தில் கை தயங்கினால் இந்த வேலையை மட்டுமாவது தெரிந்தவரிடம் கொடுங்கள், அவர் ஏர்பேக்குக்குப் பின்னால் வயர் விடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

எர்த் வயரை, வண்டியின் தகட்டில் ஏற்கனவே எர்த் அடித்திருக்கும் போல்ட்டில் வளைய முனை வைத்து இறுக்குங்கள். பெயின்ட் மேல் வைத்தால் கேமரா அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டி, பெடலுக்கும் ஸ்டீயரிங் ராடுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மின்சாரக் காராக இருந்தாலும் 12 வோல்ட் பக்கம் இதே முறைதான். ஆரஞ்சு நிற வயரை மட்டும் தொடக்கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

வேலை முடிந்த பிறகு

நெகட்டிவ் முனையை மாட்டி, சாவி போட்டு, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் நின்றால் வண்டியை ஓட்டாமல் சரிபார்க்கக் கொடுங்கள். சாவியை எடுத்ததும் கேமரா பார்க்கிங் பதிவுக்கு மாற வேண்டும். மறுநாள் காலை வண்டி எடுக்கும் முன் பேட்டரி வோல்ட்டை அளந்து, கட் ஆஃப் அளவுக்குக் கீழே போகவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் சூடு கொதிக்கும். அதனால் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்த கேமராவே நல்லது. மெமரி கார்டும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ வகையாக இருக்கட்டும். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். விபத்து நடந்தால் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. ஒரிஜினல் கார்டு கையில் இருந்தால் வக்கீலுக்கு வேலை சுலபம்.

நீங்களே செய்தாலும் சரி, கடையில் கொடுத்தாலும் சரி, மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்: கேமரா வயருக்குத் தனி ஃப்யூஸ் இருக்கிறதா? கட் ஆஃப் எத்தனை வோல்ட்டில் வைத்திருக்கிறது? வயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போகிறதா?