பிடிச்ச நாவலே மனசைக் காயப்படுத்துமா? டீன் ஏஜ் கதைகள் படிக்கிறவங்களுக்கு ஒரு கைடு!

ராத்திரி 1 மணி. ரூம்ல லைட் ஆஃப். போர்வைக்குள்ள மொபைல் வெளிச்சம் மட்டும். 'இன்னும் ஒரே ஒரு சாப்டர்'னு சொல்லிச் சொல்லியே பாதி நாவலைத் தாண்டிட்டீங்க. திடீர்னு ஒரு காட்சி வருது. நெஞ்சு படபடக்குது, கை வியர்க்குது. மொபைலைக் கவிழ்த்து வெச்ச பிறகும் அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போகலை. மறுநாள் காலேஜ் பஸ்லயும் அதே நினைப்பு. 'ஒரு கதைக்குப் போய் ஏன் இவ்ளோ ஃபீல் பண்றே?' என்று ஃப்ரெண்ட் கேட்கும்போது, பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பியிருப்பீர்கள்.

அந்தப் பதிலைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

'யங் அடல்ட்' என்று அழைக்கப்படும் நாவல்கள் பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரையிலானவர்களை மனதில் வைத்து எழுதப்படுபவை. முதல் காதல், வீட்டுச் சண்டை, நட்பு முறிவு, உடம்பைப் பற்றிய கூச்சம் என அந்த வயதின் எல்லாக் குழப்பங்களும் அதில் இருக்கும். நம்மைப் பற்றி நாமே முடிவுசெய்துகொண்டிருக்கும் வயது அது. அதனால்தான் ஒரு நல்ல நாவல் அந்த வயதில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறது. சில நாவல்கள் கீழேயும் தள்ளிவிடுகின்றன.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் புரிஞ்சுக்கணும். ஒன்று, 'ட்ரிக்கர்'. ஏற்கெனவே மோசமான அனுபவத்தைக் கடந்து வந்த ஒருவருக்கு, அதை ஞாபகப்படுத்தும் காட்சி வரும்போது பழைய பயமும் வலியும் உடம்போடு சேர்த்துத் திரும்பி வருவது. 'எனக்கு இந்த சீன் பிடிக்கலை' என்பது வேறு, இது வேறு. இரண்டாவது, தவறான சித்திரிப்பு. இது யாரையும் உடனே உலுக்காது. படிக்க ஜாலியாகக்கூட இருக்கும். ஆனால், தப்பான ஒன்றைச் சரியென்று மெதுவாகப் பழக்கிவிடும்.

ஒரு நாவல், ஒரு சீரிஸ், ஒரு பெரிய விவாதம்

இந்த விவாதத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் ஜே ஆஷர் 2007-ல் எழுதிய 'தேர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்'. ஹன்னா என்ற பள்ளி மாணவி இறந்துபோகிறாள். இறப்பதற்கு முன், தன் முடிவுக்குக் காரணமானவர்கள் என்று நினைப்பவர்களுக்காக கேசட்களில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போகிறாள். அவற்றைக் கேட்கும் கிளே என்ற மாணவன் வழியாகக் கதை நகரும். 2017 மார்ச் 31-ல் நெட்ஃப்ளிக்ஸில் சீரிஸாக வந்தபோது, நாவலைப் படிக்காதவர்கள்கூடப் பார்த்துத் தீர்த்தார்கள்.

நோக்கம் நல்லதுதான். கேலியும் வதந்தியும் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதைக் காட்டிய கதை. பிறகு, மனநல மருத்துவர்கள் ஏன் பதறினார்கள்?

கதையின் அமைப்பைக் கவனியுங்கள். இறந்த பிறகும் ஹன்னாவின் குரல் எல்லோரையும் ஆட்டிவைக்கிறது. அவளைக் காயப்படுத்தியவர்கள் குற்ற உணர்வில் துடிக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத கவனம் எல்லாம் இறந்த பிறகு கிடைக்கிறது. நிஜத்தில் இறந்தவர்களுக்கு இதில் எதையுமே பார்க்க முடியாது. அடுத்து, அவள் உதவி கேட்டுப் போகும் பள்ளி ஆலோசகர் அவளைக் கைவிட்டுவிடுகிறார். 'பெரியவங்ககிட்ட சொன்னாலும் ஒண்ணும் நடக்காது' என்ற செய்தி, ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் எப்படிப் போய்ச் சேரும்? மூன்றாவது, சீரிஸ் அவளுடைய மரணக் காட்சியை விரிவாகவே காட்டியது.

எதிர்ப்பு கிளம்பியதும் எச்சரிக்கை வாசகங்கள் கூட்டப்பட்டன. நியூஸிலாந்து தணிக்கை அமைப்பு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலரோடு மட்டுமே பார்க்க வேண்டும் என்று புதிய வகைச் சான்றிதழையே இந்த சீரிஸுக்காக உருவாக்கியது. கடைசியில், 2019 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸ் அந்தக் காட்சியை நீக்கியது.

சீரிஸால் நிஜத்தில் பாதிப்பு வந்ததா? 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சீரிஸ் வந்த அடுத்த மாதமான 2017 ஏப்ரலில், 10 முதல் 17 வயதினரிடையே தற்கொலை விகிதம் 28.9% கூடியதாகச் சொன்னது. பிறகு வேறோர் ஆய்வாளர் அதே தகவல்களை மறுபடியும் கணக்கிட்டு, சீரிஸ்தான் காரணம் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆக, விவாதம் முடியவில்லை. ஆனால், 'கதைதானே' என்று ஒதுக்கிவிட முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

வெர்தரும் பாப்பகேனோவும்

இந்தக் கவலை நெட்ஃப்ளிக்ஸ் காலத்தில் பிறந்தது இல்லை. 1774-ல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய நாவலில், காதலில் தோற்ற வெர்தர் என்ற இளைஞன் உயிரை மாய்த்துக்கொள்வான். அதைப் படித்த இளைஞர்கள் சிலர் அவனைப் போலவே செய்ததாகப் பேச்சு கிளம்பி, சில ஊர்களில் நாவல் தடைகூட செய்யப்பட்டது. 200 ஆண்டுகள் கழித்து, 1974-ல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சமூகவியலாளர், தற்கொலைச் செய்திகள் பரபரப்பாக வெளியாகும்போது அதைத் தொடர்ந்து மரணங்கள் கூடுவதைக் கண்டறிந்தார். அதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயர் வைத்தார்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் இருக்கு. மொஸார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' இசை நாடகத்தில் பாப்பகேனோ என்ற பாத்திரம் இதே முடிவுக்கு வரும்போது, மூன்று சிறுவர்கள் வந்து 'உன்கிட்ட வேற வழி இருக்கே' என்று நினைவுபடுத்துவார்கள். அவன் பிழைத்துக்கொள்வான். இருட்டான மனநிலையிலிருந்து மீண்டு வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியாகும்போது தற்கொலைகள் குறைவாக இருந்ததை, 2010-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்து சொன்னார்கள். அதுதான் 'பாப்பகேனோ விளைவு'.

கதையில் தற்கொலை என்ற வார்த்தை வருவதா, வராததா என்பதைவிட, அங்கே வேறொரு வழி கண்ணில் படுகிறதா என்பதுதான் முக்கியம். இதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த நாவலைத் திறங்க.

ஹீரோ செஞ்சா லவ், மத்தவன் செஞ்சா டார்ச்சரா?

இப்போ ரொமான்ஸுக்கு வருவோம். 2005-ல் வந்த ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' உலகத்தையே கிறங்கடித்தது. அதில் எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பனைப் பார்க்கப் போகக் கூடாது என்பதற்காக அவளுடைய வண்டி ஓடாதபடி செய்துவிடுவான். எல்லாமே 'அவ மேல அவ்ளோ அக்கறை' என்ற பெயரில்.

ஒரு சின்ன டெஸ்ட். எட்வர்டின் அழகான முகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் தெருமுனையில் நிற்கும் யாரோ ஒருவரை வைத்துப் பாருங்கள். அனுமதியில்லாமல் பெட்ரூமுக்குள் வருகிறார். யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்கிறார். இப்பவும் ரொமான்டிக்கா இருக்கா?

நம்ம பக்கமும் இது புதுசு இல்லை. தமிழில் ஆன்லைன் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு 'ஆன்டி ஹீரோ' கதைகள் நல்லாவே தெரியும். அதட்டுவான், சந்தேகப்படுவான், சில கதைகளில் கை நீட்டக்கூடச் செய்வான். கடைசி அத்தியாயத்தில் ஒரு ஃப்ளாஷ்பேக், ஒரு மன்னிப்பு, எல்லாம் சரியாகிவிடும். இப்படிப் படிப்பது பாவம் என்று சொல்ல வரவில்லை. கற்பனையில் ரசிப்பதும் நிஜத்தில் ஏற்றுக்கொள்வதும் வேறு வேறு என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஆனால், இன்னும் ஒரு காதலைக்கூட நேரில் பார்க்காத 13 வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு உதாரணம் கிடையாது. போன் பாஸ்வேர்டு கேட்கும் காதலனை, 'அக்கறைதானே' என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணாடியில் நம்ம முகம் எங்கே?

1990-ல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் புத்தகங்களைக் கண்ணாடி என்றும் ஜன்னல் என்றும் சொன்னார். கண்ணாடியில் நம்மைப் பார்ப்போம், ஜன்னல் வழியாக அடுத்தவர் வாழ்க்கையைப் பார்ப்போம். கண்ணாடியே கிடைக்காத பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? 2018-ல் அமெரிக்காவில் வெளியான சிறார், இளையோர் புத்தகங்களை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று கணக்கெடுத்தது. 50% புத்தகங்களின் முக்கியப் பாத்திரம் வெள்ளையினத்தவர். 27% விலங்குகள், பொம்மை போன்றவை. கறுப்பினப் பாத்திரங்கள் 10% மட்டுமே. கரடிக்கும் முயலுக்கும் கிடைத்த இடம்கூட ஒரு கறுப்பினக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

இடம் கிடைத்தாலும் கண்ணாடி கோணலாக இருக்கலாம். 'ட்வைலைட்'டில் ஓநாயாக மாறும் இளைஞர்கள் வருவார்களே... அவர்கள் கியூலியூட் என்ற நிஜமான பழங்குடி இனத்தவராகக் காட்டப்படுகிறார்கள். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழும் மக்கள் அவர்கள். கதைக்காக அவர்களுடைய தொன்மங்கள் இஷ்டத்துக்கு மாற்றப்பட்டன. கதை கோடிகளில் சம்பாதித்த அதே காலத்தில், சுனாமி அபாயப் பகுதியில் இருந்த தங்கள் பள்ளியை மேட்டுப்பகுதிக்கு மாற்றப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்கள் அந்த மக்கள்.

'அப்போ அந்தந்த மக்களே எழுதட்டும்' என்று 2015-ல் 'ஓன் வாய்ஸஸ்' என்ற ஹேஷ்டேக் பிறந்தது. நல்ல யோசனை. ஆனால், அதுவும் ஒரு கட்டத்தில் எழுத்தாளர்களை விசாரிக்கும் கருவியாகிவிட்டது. தன்பால் ஈர்ப்புள்ள சிறுவனின் கதையை எழுதிய பெக்கி ஆல்பர்டல்லி, 'உனக்கு இதை எழுத என்ன உரிமை?' என்ற தொடர் கேள்விகளால், 2020-ல் தன் பாலீர்ப்பைப் பொதுவெளியில் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். வாசகர்களைக் காயத்திலிருந்து காப்பாற்றக் கிளம்பிய கோபம், வேறொருவரைக் காயப்படுத்தியது.

கஷ்டமான கதையே வேண்டாமா?

அப்படியில்லை. 1999-ல் லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய 'ஸ்பீக்' நாவலில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மெலிண்டா என்ற மாணவி கிட்டத்தட்டப் பேச்சையே நிறுத்திவிடுகிறாள். மெல்ல மெல்ல, கடைசியில் குரலை மீட்டெடுக்கிறாள். சிறு வயதில் தனக்கு நடந்ததை அந்த எழுத்தாளரே பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். இந்த நாவலைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லிப் பல முறை எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. எடுத்துவிட்டால், மெலிண்டாவைப் போல வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு 'நீ தனியா இல்லை' என்று யார் சொல்வது?

வார்னிங் போட்டா போதுமா?

இப்போது பல எழுத்தாளர்கள் முதல் பக்கத்திலேயே 'ட்ரிக்கர் வார்னிங்' போடுகிறார்கள். அது எந்த அளவுக்கு உதவுகிறது? 2023-ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வார்னிங்கைப் பார்த்தவர்களுக்குப் படிக்கும்போது வரும் வருத்தம் குறையவில்லை. படிப்பதற்கு முன் வரும் பதற்றம்தான் கூடியது. பெரும்பாலானவர்கள் வார்னிங்கைப் பார்த்தும் விலகிப் போகவில்லை. ஆக, வார்னிங் மருந்து கிடையாது. பாக்கெட்டில் 'வேர்க்கடலை உள்ளது' என்று எழுதியிருப்பது மாதிரி ஒரு தகவல். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான்.

நீங்க என்ன பண்ணலாம்?

- மனசு ஏற்கெனவே பாரமாக இருக்கும் நாளில், கனமான கதையை ராத்திரியில் தனியாகத் தொடங்காதீர்கள். பகலில், பக்கத்தில் யாராவது இருக்கும்போது படிக்கலாம்.

- பாதியில் நிறுத்துவது தோல்வி இல்லை. எந்த எழுத்தாளரும் உங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கப்போவதில்லை.

- உடம்பு படபடத்தால் மொபைலைக் கீழே வையுங்கள். தண்ணீர் குடியுங்கள். அறையில் உள்ள 5 பொருள்களைப் பார்த்து, பெயர் சொல்லுங்கள். 'இது கதை, நான் இங்கே இருக்கேன்' என்று மனசுக்குப் புரியவையுங்கள்.

- படித்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். தப்பு செய்தவர் அதன் விளைவைச் சந்தித்தாரா? காயப்பட்டவருக்கு உதவி கிடைத்ததா? இதே விஷயம் என் தங்கைக்கு நடந்தால் எனக்கு ஓகேவா?

- ஃப்ரெண்டுக்கு ஒரு நாவலைப் பரிந்துரைக்கும்போது, 'இதுல இப்படி ஒரு சீன் வரும், பார்த்துக்கோ' என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு வரி ஸ்பாய்லர் ஆகாது.

- ஒரு கதையைப் பற்றி ஃப்ரெண்ட் திரும்பத் திரும்பப் பேசினாலோ, அதில் வரும் பாத்திரம் 'எடுத்த முடிவு சரிதான்' என்று சொன்னாலோ, கிண்டல் பண்ணாதீங்க. 'உனக்கும் அப்படித் தோணுதா?' என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பல நேரம், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர்கள் காத்திருப்பார்கள்.

ஹன்னா தன் வலியையெல்லாம் கேசட்களில் பேசினாள். அவற்றைக் கேட்டவர்களால் அவளுக்குப் பதில் பேச முடியவில்லை. உங்களுக்கு அந்த நிலை இல்லை. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் போனில் சேவ் பண்ணி வைங்க. உங்க க்ளாஸ்ல யாருக்காவது தேவைப்படலாம்.